உலகச் செய்தி டாலர் ரேட்டுக்குள் நுழையும் வழி: ஏற்றுமதி செய்பவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

2022 நவம்பர் 10, வியாழக்கிழமை. மாலை 3.30க்கு மும்பையில் வங்கிகளுக்கு இடையிலான டாலர் சந்தை மூடியபோது ரேட் 81.80ஐ ஒட்டி இருந்தது. நம் நேரப்படி இரவு 7 மணிக்கு அமெரிக்காவின் அக்டோபர் மாத நுகர்வோர் விலைவாசி எண் வெளியானது: 7.7 சதவீதம். மறுநாள் காலை 9 மணிக்குச் சந்தை திறந்ததுமே டாலர் 81க்குக் கீழே இறங்கியிருந்தது. அன்று மாலை 80.80 அளவில் முடிந்தது. வியாழன் மதியம் டாலரை விற்றவருக்கும் வெள்ளி காலை விற்றவருக்கும் டாலருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம். இடைப்பட்ட இரவில் இந்தியாவில் எதுவுமே நடக்கவில்லை.

7.7 சதவீதம் என்பது எந்தக் கணக்கிலும் கடுமையான விலையேற்றம்தான். விலைவாசி ஏறினால் அமெரிக்கா வட்டியை உயர்த்தும், வட்டி உயர்ந்தால் டாலர் ஏறும் என்பது சந்தையின் கணக்கு. அப்படியிருந்தும் டாலர் இறங்கியதற்குக் காரணம், சந்தை ஏறக்குறைய 8 சதவீதத்தை எதிர்பார்த்து, அதற்கேற்ற விலையில் டாலரை முன்பே வாங்கி வைத்திருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 13 அன்று, இதற்கு நேர்மாறாக நடந்தது. ஆகஸ்ட் மாத எண் 8.3 என்று வந்தது. முந்தைய மாதத்தின் 8.5ஐவிட அது குறைவு. ஆனால் எதிர்பார்ப்பு 8.1. டாலர் ஏறியது, அமெரிக்கப் பங்குச் சந்தை ஒரே நாளில் 4 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. விலைவாசி குறைந்ததாகச் சொன்ன நாளில் டாலர் ஏற்றம், விலைவாசி இன்னும் உச்சத்தில் இருப்பதாகச் சொன்ன நாளில் டாலர் இறக்கம். செய்தித் தலைப்பைப் படித்துவிட்டு வங்கிக்குப் போன் போடுபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே பொருளாதாரக் காலண்டரைத் திறந்தால் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: முந்தைய எண், எதிர்பார்ப்பு, வந்த எண். ரேட்டை நகர்த்துவது பின்னிரண்டுக்கும் இடையிலான இடைவெளி. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை: முந்தைய மாத எண்ணின் திருத்தம். 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்த அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை, ஜூலையில் 73,000 வேலைகள் கூடியதாகச் சொன்னது. அதுவே பலவீனமான எண். அதே அறிக்கையின் உள்ளே, மே, ஜூன் இரண்டு மாதங்களின் எண்களும் சேர்ந்து 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்டிருந்தன. டாலரை அன்று கீழே இழுத்ததில் பெரும்பங்கு அந்தத் திருத்தத்துக்குத்தான்.

நேரமும் முக்கியம். அமெரிக்க விலைவாசி, வேலைவாய்ப்பு அறிக்கைகள் அங்கே காலை 8.30க்கு வரும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அது நமக்கு மாலை 6 மணி. மற்ற மாதங்களில் இரவு 7 மணி. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி முடிவு கோடையில் நமக்கு இரவு 11.30க்கும், குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30க்கும் வரும். எல்லாமே நம் சந்தை மூடிய பிறகு. இடையில் சிங்கப்பூர், லண்டன், நியூயார்க் என்று வெளிநாட்டில் ரூபாய் மீது ஒப்பந்த வியாபாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காலை 9 மணிக்கு இங்கே திறக்கும் ரேட் அந்த இரவு வியாபாரத்தின் முடிவு. 'நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும்போது, இரவு முழுக்க ரேட் நம் கையில் இல்லாமல் திறந்து கிடக்கிறது. முக்கியமான எண் வரும் நாளில் மதியம் 3 மணிக்கு முன்பே, எவ்வளவு டாலரைத் திறந்து வைக்கிறோம் என்பதை முடிவு செய்திருக்க வேண்டும்.

போர்ச் செய்தி எப்படி வருகிறது

இந்தியாவைப் பொறுத்தவரை போர்ச் செய்தி ரூபாய்க்குள் நுழையும் முதல் வாசல் கச்சா எண்ணெய். நம் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. பீப்பாய் விலை ஏறினால் எண்ணெய் நிறுவனங்கள் அதே அளவு எண்ணெய்க்கு அதிக டாலர் வாங்க வேண்டும். அந்த வாங்கல் மாதக் கடைசியில் குவியும். இரண்டாவது வாசல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள். பயம் வந்தால் இங்கே பங்குகளை விற்று, ரூபாயை டாலராக்கி எடுத்துப் போவார்கள். மூன்றாவது ரிசர்வ் வங்கி; அது எந்த மட்டத்தில் பொதுத்துறை வங்கிகள் வழியாக டாலர் விற்க வருகிறது என்பது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் 7 அன்று பிரெண்ட் கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் பீப்பாய்க்கு 139 டாலரைத் தொட்டது; அன்று ரூபாய் 76.97இல் முடிந்தது. போருக்கு முந்தின நாள் 74.60 அளவில் இருந்தது. ஆக, போர் தந்த அடி இரண்டரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதில் பாதியளவை மார்ச் கடைசிக்குள் சந்தை திருப்பித் தந்துவிட்டது. அதே மாதம் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கியது. ஜூன் 15 அன்று ஒரே தடவையில் முக்கால் சதவீதம் உயர்த்தியது. 1994க்குப் பிறகு அதுதான் அப்படி ஒரு உயர்வு. ஜூலையில் டாலர் 80ஐத் தாண்டியது, அக்டோபரில் 83ஐத் தாண்டியது. வட்டி தந்த அடி ஏழு ரூபாய். அதன் பிறகு டாலர் 80க்குக் கீழே வரவே இல்லை. போர் ரேட்டைத் திடீரென்று குதிக்க வைக்கும். வட்டி விகிதம் அதை நிரந்தரமாக வேறு மட்டத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்பவர், குதிப்பைப் பார்த்துப் பதறி வாங்குவார், மட்டம் மாறும்போது 'இறங்கிவிடும்' என்று காத்திருப்பார்.

பதறி வாங்கியதன் ஓர் உதாரணம் 2025 ஜூன். 13ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. எண்ணெய் ஒரே நாளில் பெரிய அளவில் ஏறியது. பத்து நாளில் டாலர் 86.75ஐ ஒட்டி வந்தது. 24ஆம் தேதி போர்நிறுத்தம். எண்ணெய் தாக்குதலுக்கு முந்தைய விலைக்கே இறங்கியது. மாதக் கடைசியில் டாலர் 85.50 அருகே. ஜூன் 20ஆம் தேதி வாக்கில் அவசரமாக டாலர் வாங்கிய இறக்குமதியாளர்கள், மாதக் கடைசி வரை பொறுத்தவர்களைவிட டாலருக்கு ஒரு ரூபாய்க்கும் மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட நாட்களில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எண்ணெய் போகும் பாதை அடைபட்டதா, அல்லது அடைபடுமோ என்ற பயம்தானா? வளைகுடா எண்ணெய் வெளியே வரும் ஹோர்முஸ் நீரிணை வழியாகக் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும்வரை பயத்தின் விலை சீக்கிரம் கரையும். உண்மையாகவே அடைபட்டால் கணக்கு வேறு. அப்போது மட்டமே மாறும்.

'உலகில் குழப்பம் என்றால் டாலர் ஏறும்' என்ற பழைய பாடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா ஏறக்குறைய எல்லா நாடுகள் மீதும் வரி அறிவித்தபோது பங்குச் சந்தைகள் சரிந்தன, கூடவே டாலரும் சரிந்தது. குழப்பத்தின் ஊற்று அமெரிக்காவே என்பதால் பணம் யூரோவுக்கும் ஸ்விஸ் ஃபிராங்குக்கும் தங்கத்துக்கும் ஓடியது. ரூபாய்க்கும் அது ஏற்றமாக அமைந்தது. அந்த வருடத்தின் பிப்ரவரி 10 அன்று டாலர் 87.95 வரை போயிருந்தது. மே 2 அன்று சிறிது நேரம் 84க்கும் கீழே எட்டிப் பார்த்தது. மூன்று மாதத்துக்குள் நான்கு ரூபாய். பிறகு ஆகஸ்ட் 27 அன்று பெரும்பாலான இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி மொத்தம் 50 சதவீதமானது. ஆகஸ்ட் 29 அன்று டாலர் முதல்முறையாக 88ஐத் தாண்டியது. டிசம்பர் தொடக்கத்தில் 90ஐத் தாண்டியது. ஒரே வருடத்தில் இரண்டு திசையிலும் அடி விழுந்தது.

அமைதியான காலம் இன்னும் ஆபத்தானது. 2023 தொடங்கி 2024 செப்டம்பர் வரை டாலர் ஏறக்குறைய 81க்கும் 84க்கும் இடையிலேயே நகர்ந்தது. பல மாதங்கள் 83ஐ ஒட்டி அசையாமல் நின்றது, ரிசர்வ் வங்கி இரண்டு பக்கமும் வந்து நின்றதால். அந்தக் காலத்தில் ஃபார்வேர்டு (பின்னால் மாறும் டாலருக்கு இன்றே ரேட்டைப் பூட்டும் வங்கி ஒப்பந்தம்) போட்டவர்களைப் பார்த்து 'வீண் செலவு' என்று சொன்னவர்கள் நிறையப் பேர். 2024 செப்டம்பர் கடைசியில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்த நான்கு மாதங்களில் அதிலிருந்து பல ஆயிரம் கோடி டாலர் கரைந்தது, ரூபாயும் 84இலிருந்து 87க்கு மேல் போனது. கையிருப்பு எண் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வெளியாகும். தொடர்ந்து சில வாரங்கள் அது குறைந்தால், அசையாமல் நிற்கும் ரேட்டுக்குக் கீழே யாரோ தோள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

தோள் ஒரேயடியாக விலகினால் என்ன ஆகும் என்பதை இலங்கைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 செப்டம்பரிலிருந்து டாலருக்கு 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைக்கப்பட்ட இலங்கை ரூபாய், 2022 மார்ச் 7 அன்று கைவிடப்பட்டது; மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. உண்டியல் ரேட், அதாவது வங்கிக்கு வெளியே பணம் அனுப்புபவர்கள் தரும் ரேட், அதற்குப் பல மாதங்கள் முன்பே வங்கி ரேட்டைவிட்டு விலகிப் போயிருந்தது. அந்த விலகல்தான் எச்சரிக்கை. வளர்ந்த நாட்டிலும் இதே கதை உண்டு: யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற தளத்தை ஸ்விஸ் மத்திய வங்கி 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் வெகு கீழே போனது. அந்த நிமிடங்களில், இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே 'ஸ்டாப் லாஸ்' போட்டிருந்தவர்களுக்கும் அவர்கள் போட்ட விலை கிடைக்கவில்லை, எதிர்ப்பக்கத்தில் வாங்க ஆளே இல்லாததால்.

காஸ்டிங் ரேட்

இனி கணக்குக்கு வருவோம். திருப்பூரில் ஒரு லட்சம் டி-ஷர்ட் ஆர்டர், பீஸ் 3.20 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,20,000 டாலர். டாலர் 86 என்று வைத்து காஸ்டிங், அதாவது ஆர்டரின் விலைக் கணக்கு, போட்டால் 2.75 கோடி ரூபாய். லாபம் 6 சதவீதம் என்றால் பதினாறரை லட்சம். டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் 3.2 லட்சம் போகும், அதாவது லாபத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நூல் விலையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்க ஒரு வாரம் பேரம் பேசுபவர்கள், இந்த ஒரு ரூபாயை அப்படியே காற்றில் விட்டுவிடுவதைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

காஸ்டிங் ரேட் என்பது ஆர்டரை எடுத்த நாளில் நாம் நமக்கே கொடுத்த வாக்கு. அன்றைய ஃபார்வேர்டு ரேட் காஸ்டிங் ரேட்டுக்கு மேலே இருந்தால், ஆர்டர் உறுதியான அன்றே ஒரு பகுதியை விற்றுப் பூட்டிவிட வேண்டும். 'இன்னும் ஏறும்' என்பது துணி தைப்பவரின் தொழில் அல்ல. மேலே சொன்ன பிப்ரவரி 2025இல் இதைப் பொருத்திப் பாருங்கள். ஸ்பாட், அதாவது அன்றைய சந்தை ரேட், 87.50. ஃபார்வேர்டில் அதற்கு மேல் கிடைக்கும் மூன்று மாதப் பிரீமியம் ஆண்டுக்கு 2 சதவீதக் கணக்கில் 44 பைசா. ஃபார்வேர்டு 87.94. பூட்டியவர் மே மாதம் அதே ரேட்டில் டாலரை விற்றார். திறந்து வைத்தவருக்கு 84.50 கிடைத்திருந்தால் டாலருக்கு 3.44 குறைவு, 3,20,000 டாலருக்கு 11 லட்சம். 86 என்று போட்ட காஸ்டிங்கிலிருந்தும் ஒன்றரை ரூபாய் கீழே.

அந்த 44 பைசா எங்கிருந்து வருகிறது? இந்திய வட்டிக்கும் அமெரிக்க வட்டிக்கும் உள்ள வித்தியாசம் அது. டாலரைப் பின்னால் தருகிறேன் என்று இன்றே விற்பவருக்குச் சந்தை தரும் கூலி என்றும் சொல்லலாம். 2022 தொடக்கத்தில் ஒரு வருடப் பிரீமியம் 4 சதவீதத்துக்கு மேல் இருந்தது; அமெரிக்கா வட்டியை ஏற்ற ஏற்ற, அந்த வருடக் கடைசியில் 2 சதவீத அளவுக்குச் சுருங்கியது. ஆகவே ஃபெடரல் ரிசர்வின் முடிவு ஸ்பாட் ரேட்டை மட்டும் தொடுவதில்லை, ஃபார்வேர்டில் நமக்குக் கிடைக்கும் கூலியையும் தொடுகிறது. அமெரிக்கா வட்டியைக் குறைக்கும் காலத்தில் பிரீமியம் விரியும். அது ஏற்றுமதியாளருக்கு நல்லது, இறக்குமதியாளருக்குச் செலவு.

ஃபார்வேர்டு போடும்போது தவறு நடக்கும் இடங்கள் இவை. முதலில், வங்கியின் சாங்ஷன் (கடன் அனுமதி) கடிதத்தில் ஃபார்வேர்டு லிமிட் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரேட் நன்றாக இருக்கும் நாளில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேரும். அடுத்து, தேதி. பேமென்ட் எந்த நாளில் வரும் என்று தெரியாதபோது 'ஜூலை 1 முதல் 31க்குள்' என்று ஜன்னல் வைத்துப் போடலாம். ஆனால் ஏற்றுமதியாளருக்கு வங்கி தரும் பிரீமியம் அந்த ஜன்னலின் முதல் நாள் வரைக்கும்தான். ஒரு மாத ஜன்னல் என்றால் ஒரு மாதப் பிரீமியம் போச்சு. 20ஆம் தேதிக்கு முன்னால் பணம் வராது என்று உறுதியாகத் தெரிந்தால் ஜன்னலை 20இல் தொடங்கச் சொல்லுங்கள். பையர் பணத்தைத் தாமதப்படுத்தினால் கெடு முடிவதற்குள் ஃபார்வேர்டை நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் சில வேலை நாட்களில் வங்கியே ரத்து செய்துவிடும். அன்று ரேட் நமக்கு எதிராக இருந்தால் வித்தியாசம் நம் கணக்கிலிருந்து போகும்.

மூன்றாவது தவறு மிகப் பரவலானது. பேக்கிங் கிரெடிட்டை (சரக்கு ஏற்றுவதற்கு முன் வங்கி தரும் கடனை) டாலரில், அதாவது பி.சி.எஃப்.சி.யாக எடுப்பவர்கள் அதை வெறும் குறைந்த வட்டிக் கடனாக நினைக்கிறார்கள். 2,00,000 டாலர் பி.சி.எஃப்.சி. எடுத்து இன்றைய ரேட்டில் ரூபாயாக்கினால், அந்த 2,00,000 டாலருக்கான ரேட் இன்றே பூட்டியாகிவிட்டது. பையர் அனுப்பும் டாலர் நேராகக் கடனை அடைக்கும். இது தெரியாமல் முழு 3,20,000க்கும் ஃபார்வேர்டு போட்டால், கெடு நாளில் கொடுக்கக் கையில் இருப்பது 1,20,000 டாலர்தான். மீதி 2,00,000ஐ ரத்து செய்ய வேண்டும். ரூபாய் அதற்குள் பலவீனமாகியிருந்தால் அது சுத்தமான நஷ்டம். வட்டியை ஒப்பிடும்போதும், பி.சி.எஃப்.சி. வட்டி 6 சதவீதம் என்றால், கிடைக்காமல் போன பிரீமியம் 2 சதவீதத்தையும் சேர்த்து 8 என்று வைத்துத்தான் ரூபாய்க் கடன் வட்டியோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆர்டரே போனால்

வரிப் போர் கற்றுக்கொடுத்த புதிய பாடம் ஒன்று உண்டு. 2025 கோடையில் அமெரிக்க ஆர்டர்களுக்கு 86 அளவில் முழுவதும் ஃபார்வேர்டு போட்டவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். ஆகஸ்டில் 50 சதவீத வரி வந்ததும் பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள், குறைத்தார்கள், சிலர் வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். அதே செய்தியால் டாலர் 88க்கு ஏறியது. கையில் டாலர் வராது. ஆனால் 86க்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் இருக்கிறது. ரத்து செய்தால் டாலருக்கு இரண்டு ரூபாய். ஆர்டரையும் ஹெட்ஜையும் (ரேட் பாதுகாப்புக்காகப் போட்ட ஒப்பந்தத்தையும்) ஒரே செய்தி ஒரே நாளில் அடித்தது.

ஆகவே எவ்வளவு பூட்டுவது என்பதை ஆர்டரின் உறுதியை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஷிப்மென்ட் முடிந்து பில் போன பணத்தில் 80 முதல் 100 சதவீதம் பூட்டலாம். தைத்துக்கொண்டிருக்கும் ஆர்டரில் பாதிக்குச் சற்று மேலே. பேச்சுவார்த்தையில் இருக்கும் ஆர்டருக்கு ஃபார்வேர்டு வேண்டாம்; பாதுகாப்பு அவசியமென்றால் ஆப்ஷன் வாங்கலாம். டாலரை ஒரு குறிப்பிட்ட ரேட்டில் விற்கும் உரிமை அது, கடமை இல்லை. ஆர்டர் போனால் ஆப்ஷனுக்குக் கட்டிய தொகையோடு நஷ்டம் நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு, சந்தை அமைதியாக இருக்கும்போது, டாலருக்கு அரை ரூபாயிலிருந்து ஒரு ரூபாய்க்குள் செலவாகும். வரி அறிவிப்புக்கு முந்தின வாரம் போய்க் கேட்டால் விலை ஏறியிருக்கும். வெள்ளம் வருவது தெரிந்த பிறகு இன்சூரன்ஸ் மலிவாகக் கிடைக்காது.

'செலவே இல்லாத ஆப்ஷன்' என்று யாராவது கொண்டுவந்தால் காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ரேட் எனக்கு எதிராகப் போனால் நான் எவ்வளவு டாலர், எந்த ரேட்டில் கொடுக்க வேண்டியிருக்கும்? இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2007 கடைசியில் டாலர் 39 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கியபோது கொங்கு மண்டலத்து ஏற்றுமதியாளர்கள் பலர் மூச்சு முட்டிப் போனார்கள். அந்த நேரத்தில் டாலர்–ஃபிராங்க், டாலர்–யென் என்று சிக்கலான ஒப்பந்தங்கள் அவர்களிடம் விற்கப்பட்டன. சம்பாதிப்பது டாலர், காஸ்டிங் ரூபாய். நடுவில் ஃபிராங்குக்கு வேலையே இல்லை. 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தபோது, முழு வருட வியாபார லாபத்தைவிடப் பெரிய நஷ்டத்தைச் சிலர் சுமக்க நேர்ந்தது. வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. நம் விற்பனையிலும் இல்லாத, வாங்கலிலும் இல்லாத நாணயம் ஒப்பந்தத்தில் இருந்தால், அது ஹெட்ஜ் இல்லை.

வங்கியின் பங்கு

உலகச் செய்தியைக் கரைத்துக் குடித்தாலும் வங்கி எடுக்கும் மார்ஜினைக் கவனிக்காவிட்டால் பாதிக் கணக்கு போய்விடும். டி.வி.யில் ஓடும் ரேட்டுக்கும் வங்கி தரும் ரேட்டுக்கும் 25 பைசா வித்தியாசம் என்றால் 3,20,000 டாலரில் 80,000 ரூபாய். பேசினால் குறையும். பேசுவதற்கு முன், கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 2019இல் தொடங்கிய எஃப்எக்ஸ்-ரீடெய்ல் தளத்தில் வங்கி மூலம் பதிவு செய்துகொள்ளுங்கள். சந்தையின் உண்மை ரேட் திரையில் தெரியும், மார்ஜினை எழுத்தில் முன்பே நிர்ணயித்துக்கொள்ளலாம். ரேட் கேட்கும்போது 'ஸ்பாட்டா, கேஷா' என்று கேளுங்கள். டி.வி.யில் ஓடுவது ஸ்பாட், இரண்டு வேலை நாள் கழித்துப் பணம் மாறும் ரேட். இன்றே ரூபாய் வேண்டுமென்றால் கேஷ் ரேட். சாதாரண நாளில் அது ஒன்றிரண்டு பைசாதான் குறையும். ஐந்து, பத்துப் பைசா கழித்தால் காரணம் கேட்கலாம். தினமும் மதியம் 1.30 வாக்கில் வெளியாகும் ரெஃபரன்ஸ் ரேட்டோடு (அன்றைய சந்தையின் அதிகாரபூர்வ ஒப்பீட்டு ரேட்) அன்று நமக்குக் கிடைத்த ரேட்டை ஒரு நோட்டில் எழுதி வந்தால், மூன்றே மாதத்தில் வங்கியின் பழக்கம் தெரிந்துவிடும்.

வந்த டாலரை உடனே மாற்றாமல், ஏற்றுமதியாளர் டாலராகவே வைத்துக்கொள்ளும் ஈ.ஈ.எஃப்.சி. கணக்கில் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உள்நாட்டு வங்கியில் வைத்திருக்கும் தொகையை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் ரூபாயாக்கிவிட வேண்டும். எல்லோரும் அந்தக் கடைசி நாளுக்குக் காத்திருந்து விற்றால் வங்கியிடம் பேசும் பலம் நமக்கு இல்லை. நூல், சாயம், டிரிம்ஸ் என்று டாலரில் கட்ட வேண்டிய இறக்குமதி இருந்தால் அந்தக் கணக்கிலிருந்தே கட்டிவிடுவது நல்லது; இரண்டு பக்க மார்ஜினும் மிச்சம்.

வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர்களுக்கும் இதே உலகச் செய்திதான். திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டது. சவுதி ரியால் 1986 முதல் 3.75. டாலர் ரேட்டை 3.6725ஆல் வகுத்தால் நியாயமான திர்ஹாம் ரேட் வந்துவிடும்: டாலர் 88 என்றால் 23.96. எக்ஸ்சேஞ்ச் கடை தரும் ரேட் அதிலிருந்து எவ்வளவு கீழே என்று பார்த்தால் 'இலவசமாக அனுப்புகிறோம்' என்ற பலகையின் விலை தெரியும். சிங்கப்பூர் டாலர் அப்படி இல்லை. அதை அந்நாட்டு நாணய ஆணையம் பல நாணயங்களின் கூடையோடு சேர்த்து நடத்துகிறது. டாலர் இறங்கும் காலத்தில் சிங்கப்பூர் டாலர் ஏறலாம்.

யூரோவில் மெஷின் வாங்குபவர்கள்

கடைசியாக, டாலரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சறுக்கும் ஓர் இடம். யூரோ–ரூபாய் என்று தனிச் சந்தை பெரிதாக இல்லை. யூரோ–டாலர் ரேட்டை டாலர்–ரூபாய் ரேட்டால் பெருக்கி வருவதுதான் அது. 2025 தொடக்கத்தில் யூரோ 1.04 டாலர், டாலர் 86 ரூபாய்: யூரோ 89.44. ஜூலையில் யூரோ 1.17 டாலர், டாலர் அதே 86: யூரோ 100.62. ஜெர்மனியிலிருந்து ஒரு லட்சம் யூரோவுக்குச் சர்க்குலர் நிட்டிங் மெஷின் ஆர்டர் கொடுத்தவருக்கு, டாலர் ஒரு பைசா அசையாமலே 11 லட்சம் கூடியது. ஜப்பானிலிருந்து வாங்கினாலும் இப்படித்தான். 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதமாக்கியது, இரண்டு நாள் கழித்து அமெரிக்க வேலைவாய்ப்பு எண் பலவீனமாக வந்தது, ஜூலைத் தொடக்கத்தில் டாலருக்கு 161க்கு மேல் இருந்த யென், ஆகஸ்ட் 5 அன்று 142 வரை வலுத்தது.

மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும்போது அட்வான்ஸ் 20 அல்லது 30 சதவீதம் அன்றைய ரேட்டில் போய்விடும். மீதி ஆறு, எட்டு மாதம் கழித்து எல்.சி. (வங்கி தரும் கட்டண உறுதிக் கடிதம்) வழியாகப் போகும். ரிஸ்க் முழுக்க அந்த மீதியில். எல்.சி. திறக்கும் அன்றே வங்கியிடம் இரண்டு விலை கேளுங்கள்: யூரோ–ரூபாய் ஃபார்வேர்டு முழுதாக ஒன்று, யூரோ–டாலர் பகுதி மட்டும் தனியாக ஒன்று. ஏற்றுமதியில் டாலர் வருமானம் இருப்பவருக்கு இரண்டாவதே போதும். வரும் டாலரை ரூபாயாக்காமல் யூரோவாக மாற்றிக் கட்டிவிடலாம். டாலர்–ரூபாய் பகுதி தானாகவே அடைபட்டுவிடும். டெர்ம் லோனில் வாங்குபவர்கள் திட்ட மதிப்பீட்டில் யூரோவுக்கு அன்றைய ஸ்பாட்டைப் போடாமல், எட்டு மாத ஃபார்வேர்டு ரேட்டைப் போட்டு, அதன் மேல் 5 சதவீதம் கூட்டி லோன் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் துறைமுகத்தில் வந்து நிற்கும்போது குறைகிற தொகையை நடைமுறை மூலதனத்திலிருந்து எடுக்க வேண்டிவரும். அந்த மாதம் நூல்காரருக்குச் செக் தாமதமாகும்.